ஆட்சேபணைக்கு முப்பது நாள்

மொத்தம் எண்பத்து நான்கு கேள்விகள். கொலை வழக்கில் மாட்டியவனைக்கூட இத்தனை கேட்டிருக்கமாட்டார்கள். கணினிப் பாதுகாப்பில் உள்ளாட்சி அலுவலகங்கள் மோசமா, தொண்டு நிறுவனங்கள் மோசமா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆய்வுக்குழு கிளம்பியிருந்தது. ஒரே படிவத்தை இரண்டு பக்கமும் அனுப்பி, திங்கட்கிழமைக்குள் நிரப்பித் தரும்படி கேட்டிருந்தார்கள். கேட்பவனுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? நிரப்புகிறவனுக்குத்தான் கழுத்து வலி.

தொண்டு நிறுவனத்தின் படிவம் சிஸ்டம் சாரிடம் வந்தது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் கணினி, பிரிண்டர், வாசல் கேமரா, மின்விசிறி என்று அந்த நிறுவனத்தில் மின்சாரத்தில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு வருஷமாக அவர் ஒருவரே பொறுப்பு என்பதால், 'சிஸ்டம் சார்' என்பதே நிலைத்துவிட்டது. நகராட்சியின் படிவம் அவருடைய அக்காவிடம் வந்தது. அக்கா அங்கே கட்டட அனுமதிப் பிரிவின் தலைமை எழுத்தர். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ், ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, பக்கவாட்டில் தட்டினால் சில சமயம் ஓடும் என்பதுதான். "உங்க தம்பி கம்ப்யூட்டர் ஆளாமே" என்று சொல்லிச் செயலர் அதை அவர் தலையில் கட்டிவிட்டார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு படிவங்களும் அக்கம்பக்கமாக விரிந்தன. சிஸ்டம் சாருக்கு அன்று வாரத்தின் ஒரே விடுமுறை. மேசையில் தலையைச் சாய்த்தால் அப்படியே தூங்கிவிடுவார். நாற்பத்தொன்பது வயதில் அவருக்கு வந்திருந்த களைப்பு ஒரு நாள் தூக்கத்தில் தீரும் ரகம் அல்ல. மதிப்பெண் கூட்டும் வேலையை அத்தான் எடுத்துக்கொண்டார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். யார் ஜெயித்தாலும் சரி, ஒரு போட்டி இருந்தால் போதும் அவருக்கு.

"ஏழாவது கேள்வி. பாஸ்வேர்ட் எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று படித்தார் சிஸ்டம் சார்.

"எங்க ஆபீஸ்லயா? எல்லாருக்கும் தெரியும்" என்றார் அக்கா.

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான். செயலரோட பாஸ்வேர்ட்லதான் நாங்க பதினோரு பேரும் உள்ள போறோம். கையெழுத்து அதிகாரம் அவருக்குத்தான். அவர் மீட்டிங் மீட்டிங்னு ஊர் சுத்துறாரு. அதுவரைக்கும் வர்ற சனங்க வெயில்ல நிக்கணுமா?"

"எப்ப மாத்துவீங்க?"

"செயலர் மாறினா மாத்துவோம்." கொஞ்சம் யோசித்தார். "போன தடவை மாத்தல."

அத்தான் நகராட்சிக்கு ஒரு பூஜ்யம் போட்டார். "பரவாயில்ல மாப்ள. உங்க அக்கா ஆபீஸ் கம்ப்யூட்டர் திறக்கறதுக்குள்ள உள்ள வந்த திருடனுக்கே ரிட்டயர்மெண்ட் வந்துடும்."

"காப்பு நகல் எடுத்து வைக்கிறீங்களா?"

"ஓ, இருக்கே. பீரோல."

"எந்த பீரோ?"

"சாவி தொலைஞ்ச பீரோ."

இன்னொரு பூஜ்யம். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தம்பியின் படிவத்தை இழுத்து, அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஆனால் தம்பியிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கடவுச்சொல் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள். காப்பு நகல் வேறொரு கட்டடத்தில் இருக்கிறது. முக்கியமான ஒரு விவரம் மட்டும் கணினியிலேயே இல்லை.

அந்த விவரம் வீட்டு முகவரிகள். அடியும் உதையும் தாங்காமல் கட்டிய துணியோடு வெளியேறி வரும் பெண்களைப் பத்திரமாக வைத்திருக்கும் வேலை அந்த நிறுவனத்துடையது. அவர்களை விட்டுவிட மனமில்லாத புருஷன்கள் வெளியே தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் வீடுகள் எங்கே இருக்கின்றன என்பது மூன்றே பேருக்குத்தான் தெரியும்: எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் நிர்வாகி, வேன் ஓட்டும் டிரைவரம்மா, சிஸ்டம் சார். புதிதாக வரும் பெண்ணின் கைப்பேசியை முதல் வேலையாக அவர்தான் வாங்கிப் பார்ப்பார். பத்துக்கு நாலில், இருக்கும் இடத்தைப் புருஷனுக்குக் காட்டிக்கொடுக்கிற ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். அதைக் கண்டுபிடித்து அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

"நாப்பத்து ரெண்டாவது கேள்வி. நீ லீவு போட்டா உன் வேலையை யாரு பாப்பா?" என்றார் அக்கா.

"நான் லீவு போட்டதில்லக்கா."

"அது பதில் இல்லடா."

"அப்ப யாரும் இல்லைன்னு எழுதிக்கோ."

அந்த ஓர் இடத்தில்தான் தொண்டு நிறுவனத்துக்குப் பூஜ்யம் விழுந்தது. அரசாங்க அலுவலகத்தில் பதினோரு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் அக்கறையில்லை; நம்மிடம் அக்கறை மலையளவு, ஆள் ஒருவன்தான் என்று சிஸ்டம் சார் நினைத்துக்கொண்டார். நினைப்பில் கொஞ்சம் கசப்பும் அதைவிட அதிகமாகப் பெருமையும் இருந்தன. எழுபத்தெட்டாவது கேள்வி முடிந்தபோது அத்தான் கூட்டிச் சொன்னார். "நகராட்சி இருபத்தொன்பது. தொண்டு எழுபத்தேழு. உங்க அக்கா மண்ணைக் கவ்வியாச்சு மாப்ள."

"நக்கலா? இன்னும் ஆறு கேள்வி இருக்கு" என்ற அக்கா, தன் படிவத்தைத் தானே கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார். "எழுபத்தொன்பது. பிறர் உங்களிடம் நம்பி ஒப்படைத்த விவரங்கள் வெளியாட்கள் பார்க்கும் இடத்தில் வைக்கப்படுகின்றனவா?" நிமிர்ந்தார். "நோட்டீஸ் போர்டு இதுல வருமாடா?"

"என்ன நோட்டீஸ் போர்டு?"

"அனுமதி கேட்டு வர்ற பேப்பரையெல்லாம் முப்பது நாள் ஒட்டணும்ல. அக்கம்பக்கத்துல யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்றதுக்கு. வெப்சைட்லயும் ஏத்தணும். எங்க ஆபீஸ்ல சொன்ன தேதிக்குச் சரியா நடக்கற வேலை அது ஒண்ணுதான். உன் பேப்பரைக்கூட நானே என் கையால ஒட்டினேன்."

"என் பேப்பரா?"

"அதான், அந்த விடுதி வீடு."

சிஸ்டம் சார் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். ஏன் மூடினார் என்று அவருக்கே தெரியாது.

நடந்தது இதுதான். நிறுவனம் புதிதாக வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒரு நாள் நகராட்சி ஆய்வாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருக்கிறதே, விடுதி அனுமதி எங்கே, பதினைந்து நாளில் காட்டாவிட்டால் பூட்டுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்படிப்பட்ட வீடுகளுக்கென்று தனி வழி உண்டு. உறையில் போட்டு ஒட்டி, நலப் பிரிவு அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் சிவப்பு முத்திரை குத்தினால் அந்தக் காகிதம் எங்கும் ஒட்டப்படாது. ஆனால் அந்த அதிகாரியின் மேசையைத் தாண்ட நாலு மாதம் ஆகும். பதினைந்து நாள் எங்கே, நாலு மாதம் எங்கே? சிஸ்டம் சார் இதே மேசையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "கொஞ்சம் பார்த்து முடிச்சுக் குடுக்கா" என்றார். அக்காவும் அந்தக் காகிதத்தைத் தன் கைப்பையில் வைத்து எடுத்துப்போய், நலப் பிரிவு வாசலைக்கூட மிதிக்காமல், நேராகத் தன் பிரிவில் பதிந்து, ஒன்பதாம் நாள் தற்காலிக அனுமதியைக் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்துவிட்டார். தம்பிக்காக அவர் செய்த காரியம் அது. சிவப்பு முத்திரை இல்லாத காகிதம் மற்றக் காகிதங்களைப் போலவே பலகைக்குப் போயிற்று. அனுமதித் தாளின் கடைசி வரியில் பொடி எழுத்தில் 'ஆட்சேபணைக்கு முப்பது நாள்' என்று இருந்ததாம். ஊரான் அனுப்பும் மின்னஞ்சலை மூன்று தடவை படித்துப் பார்த்துத் திறக்கிற மனிதர், அக்கா கொடுத்தது என்பதால் அதைப் படிக்கவே இல்லை.

"அதுல என்னக்கா எழுதியிருக்கு?"

"நீ எழுதிக் குடுத்ததுதான். கதவு எண், தெரு, எதுக்கான கட்டடம்."

எதற்கான கட்டடம் என்ற இடத்தில், 'வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கான தங்குமிடம்' என்று அவரே தெளிவாக எழுதியிருந்தார். நலப் பிரிவுக்குப் போகும் என்று நினைத்து எழுதியது.

"எத்தனை நாளாச்சு ஒட்டி?"

அக்கா விரல் விட்டு எண்ணினார். எண்ணும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. "இருபத்து ரெண்டு நாள்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "தம்பி, நான் உன் வேலை சீக்கிரம் முடியட்டும்னுதான்டா..."

"தெரியும்க்கா."

நகராட்சியின் வலைத்தளத்திலிருந்து அதை எடுக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அக்கா வீட்டிலிருந்தே செயலரின் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனார்கள். காலையில் பூஜ்யம் வாங்கிய அதே கடவுச்சொல். பார்த்தவர்கள் எண்ணிக்கை நாற்பத்தொன்று என்று காட்டியது. யார் அந்த நாற்பத்தொரு பேர் என்று சொல்ல அந்தத் தளத்துக்கு வக்கில்லை. அழித்துவிட்டு இருவரும் ஸ்கூட்டரில் ஏறினார்கள். அத்தான் மதிப்பெண் தாளோடு வாசல்வரை வந்து, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

நகராட்சி அலுவலகம் ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய முகத்தோடு பூட்டிக் கிடந்தது. வாசல் தாழ்வாரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பலகை. ஏல அறிவிப்பு, காணாமல்போன முத்திரை பற்றிய அறிவிப்பு, சாலைப் பணிகளுக்கான ஒப்பந்த அறிவிப்புகள் நாலைந்து, அவற்றின் நடுவே, நாலு மூலையிலும் குண்டூசி குத்தி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், சிஸ்டம் சாரின் கையெழுத்தில் அந்த முகவரி. எப்போதும் அக்கா எதையும் நேராகத்தான் ஒட்டுவார்.

காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"இந்தப் பெட்டியைத் திறங்கண்ணே. ஒரு பேப்பர் எடுக்கணும்" என்றார் அக்கா.

"ஆர்டர் இருக்காம்மா?"

"நான்தானேண்ணே ஒட்டினேன்."

"ஒட்டறதுக்கு நீங்க. கழட்டறதுக்குச் செயலர். நீங்கதானே எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தீங்க? சாவி அவர் மேஜைக்குள்ள இருக்கு. நாளைக்குக் காலைல வந்துடுவாரு."

சிஸ்டம் சார் வேறொன்றைக் கேட்டார். "இந்தப் போர்டை யாருங்க வந்து படிக்கறாங்க?"

"சனங்க எங்க சார் படிக்கறாங்க? ஒப்பந்தக்காரங்க மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஆனா ஒரு பட்டாளமே வரும். படிக்கக்கூட மாட்டாங்க, மொத்தப் போர்டையும் போன்ல ஒரு படம் எடுத்துட்டுப் போயிடுவாங்க."

அந்த வீட்டின் மாடியில், இரண்டு மகள்களோடு ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். அவள் புருஷன் நடைபாதைக்குக் கல் பதிக்கும் ஒப்பந்தக்காரன். நிறுவனத்துக்கு வரும் ஒவ்வொரு பெண்ணின் புருஷன் படமும் சிஸ்டம் சாரின் கைப்பேசியில் இருக்கும், வாசல் கேமராவில் கண்டால் அடையாளம் தெரிய வேண்டுமே என்பதற்காக. அந்தப் படத்தை எடுத்துக் காவலாளியிடம் காட்டினார்.

காவலாளி முகம் மலர்ந்தார். "இவரா? கல்லு போடறவரு. தங்கமான மனுசன் சார். போன வெள்ளிக்கிழமைகூட எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு."

அக்கா தம்பி கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கினார். முதல் அடியில் கண்ணாடி கீறல் விட்டது. இரண்டாவது அடியில் கொட்டியது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாகக் கையெழுத்துப் போட்டதற்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அவர். குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காகிதத்தை மடித்துத் தம்பியிடம் கொடுத்தார். விரலில் ரத்தம் வந்ததைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார்.

காவலாளி வேறு பக்கம் பார்த்தார். "பசங்க கல்லெறிஞ்சுட்டாங்கன்னு எழுதிக்கறேன்மா."

"வேணாம்ணே. அந்த நோட்டைக் குடுங்க, நானே எழுதறேன்."

படியில் உட்கார்ந்து அவர் எழுத ஆரம்பித்தார். சிஸ்டம் சார் கொஞ்சம் தள்ளிப்போய்ப் பெரியம்மாவுக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார். எதையும் சுருக்கவில்லை.

"சரி. சாயங்காலத்துக்குள்ள அந்த வீடு காலியாகணும். டிரைவரம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். நீங்க முன்னாடி போய் அவங்களைத் தயார் பண்ணுங்க."

"நானா பெரியம்மா?"

"வேற யாரை அனுப்ப? அந்த அட்ரஸ் தெரிஞ்சவங்க மூணு பேருன்னுதானே இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் அலுப்பாகத்தான் சொன்னார்.

அந்தத் தெருவுக்குள் நுழையும்போது சிஸ்டம் சார் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார். ஒரு ஆள் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுச் சுவரில் போர்வை காய்ந்தது. எல்லோருமே சந்தேகப்படத்தக்கவர்களாகத் தெரிந்தார்கள். அப்போது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். எண்பத்து நாலாவது கேள்வி என்ன தெரியுமாடா? கடந்த பன்னிரண்டு மாதத்தில் விவரக் கசிவு ஏதும் நடந்ததா. ஆமான்னு போட்டு, யாரால்னு கேட்ட இடத்துல என் பேரை எழுதிட்டேன்."

"அக்கா, ஒன்றரை வருஷம்தான் இருக்கு உனக்கு."

"எனக்குத் தெரியாதா? உன் படிவமும் இங்கதான் இருக்கு. அதுல என்ன போடட்டும்?"

"ஆமான்னு போடு. என் பேரைப் போடு."

"சரி. நீ பார்த்துப் போடா" என்று வைத்துவிட்டார்.

கீழ்த்தளத்தில் இருந்த இரண்டு குடும்பத்தினரும் விஷயம் கேட்டுக் கலங்கிப்போய், பிள்ளைகளை அதட்டிக்கொண்டு மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். பிறகு மாடிக்கு ஏறினார். மேலே தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. கதவு தாழ் போடாமல் ஒருக்களித்துத்தான் இருந்தது. வந்த புதிதில் அவள் கதவைப் பூட்டி, அதற்கு முட்டுக்கொடுத்து நாற்காலி வைத்து, அதன் மேல் பாத்திரமும் வைப்பாள் என்று டிரைவரம்மா சொல்லியிருக்கிறார்.

"சாரா? வாங்க வாங்க" என்று தையல்காரி எழுந்தாள். பெரிய மகள் தரையில் உட்கார்ந்து நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுற்றினாள். "என் போன் நல்லாத்தான் சார் இருக்கு. ஏன் இவ்வளவு தூரம்?"

அவர் நின்றுகொண்டே சொன்னார். இந்த வீட்டின் முகவரி நகராட்சிப் பலகையில் மூன்று வாரமாக இருந்தது, அவள் புருஷன் போன வெள்ளிக்கிழமை அங்கே வந்திருக்கிறான், பார்த்தானா இல்லையா தெரியாது, இரண்டு மணி நேரத்தில் வேன் வரும்.

அவள் அலறுவாள் என்று நினைத்தார். அவள் போய்க் கதவைத் தாழ் போட்டாள். திரும்பி வந்து, தைத்துக்கொண்டிருந்த துணியின் நூலை வெட்டி, மடித்து வைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். பாதி சாமான் அதில் ஏற்கெனவே இருந்தது. பெரிய மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குழந்தை தானாகவே எழுந்து புத்தகங்களை அடுக்கியது.

"இது எத்தனாவது தடவைம்மா?" என்று கேட்டது.

"எண்ணாத. எண்ணினா கால் வலிக்கும்" என்றாள் தாய்.

தையல் இயந்திரத்தின் தலையைக் கழற்ற சிஸ்டம் சார் உதவினார். திருகாணிகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு அவள் மூடினாள். நாலு பள்ளிக்கூடச் சட்டைகளை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பக்கத்து வீட்டுது சார். நாளைக்கு ஸ்கூலுக்கு வேணும். மூணு முடிஞ்சது, ஒண்ணுல பட்டனுக்குக் காஜா எடுக்கல. ஊசி நூல்ல எடுத்துக்கச் சொல்லுங்க. நான் சொல்லாம ஓடிட்டேன்னு நினைச்சுக்குவாங்க. ஓடினதுதானே, என்ன பண்றது. மூணு மாசத்துல இப்பதான் ரெண்டு பேரு நம்பித் துணி குடுக்க ஆரம்பிச்சாங்க."

அவர் சட்டைகளை வாங்கிக்கொண்டார்.

"யார் சார் சொன்னது?" என்றாள் அவள். பையின் ஜிப்பை இழுத்தபடி, கீழே பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

நகராட்சியில் தவறு நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஊரே நம்பும், நகராட்சி மேல் பழி போட்டால் எவன் மறுக்கப்போகிறான்?

"நான்தாம்மா. நாலு மாசம் காத்திருக்க முடியாதுன்னு, நகராட்சில வேலை பாக்கற எங்க அக்காகிட்ட அந்தப் பேப்பரைக் குடுத்தேன். அவங்க சீக்கிரமா முடிச்சுக் குடுத்தாங்க. ஒட்டுவாங்கன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும். அதுதான் என் வேலை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதல் நாள் அவள் கைப்பேசியிலிருந்து புருஷனின் கண்ணை எடுத்து எறிந்தவர் அவர்தான். அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் இப்போது அழவில்லை.

"நல்லதுக்குன்னுதான் செஞ்சிருப்பீங்க. பூட்டிடுவேன்னு அந்த நகராட்சி ஆளு மிரட்டிட்டுத்தானே போனாரு" என்றாள். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இப்படிப்பட்ட விளக்கங்களை வாழ்நாள் முழுக்கக் கேட்டு வந்தவள் குரல் அது.

வேன் நாலு மணிக்கு வந்தது. டிரைவரம்மா எஞ்சினை அணைக்கவில்லை. கீழ்த்தளத்தவர்கள் ஏறினார்கள். பிள்ளைகள் ஏறினார்கள். இயந்திரத்தின் தலையைச் சிஸ்டம் சார் தூக்கிவந்து இருக்கைக்கு அடியில் வைத்து, வண்டி குலுங்கினால் உருளாதபடி ஒரு போர்வையை முட்டுக்கொடுத்தார். தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்தார். யாருமில்லை. கடைசியாகத் தையல்காரி ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள்.

"சார்" என்று கூப்பிட்டாள்.

அருகே போனார்.

"இப்பப் போற வீடு எங்க இருக்கு? யாருக்கெல்லாம் தெரியும்?"

"பெரியம்மாவுக்கும் டிரைவரம்மாவுக்கும் மட்டும்தாம்மா."

"உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வேணாம்னு பெரியம்மா முடிவு பண்ணிட்டாங்க."

அவள் இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். மதியத்திலிருந்து இறுகியே இருந்த முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது.

"நல்லதுங்க சார்" என்றாள். "இனிமே கேட்டும் தெரிஞ்சுக்காதீங்க."